நிறம் எழுதாத சீட்டுகள்

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் இளவட்டம் ஒருத்தன் வீட்டில் இருக்க மாட்டான். ராஜபாளையத்தில் எங்கள் பக்கம் அப்படி. அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷனோடு வந்தவர். அண்ணன் பட்டாளம். சித்தப்பா போலீஸ். எண்பதுகளின் ஆரம்பத்தில் எனக்கு இருபது முடிந்ததும் நானும் போனேன். ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் வந்தேன். மார்பை அளந்தார்கள், எடை போட்டார்கள், எல்லாம் ஜம்மென்று முடிந்தது.

கடைசியில் ஒரு டாக்டர் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கச் சின்னதும் பெரிசுமாகப் புள்ளிகள். "என்ன நம்பர்?" என்றார். "நம்பரா? எங்க சார்?" என்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் வெறும் புள்ளிதான். என்னை வைத்து விளையாடுகிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "புள்ளிதான் சார் இருக்கு, நம்பர்னு ஒண்ணும் கெடையாது" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் என் பின்னால் நின்றவனிடம் அதே பக்கத்தைக் காட்டினார். அவன் பட்டென்று எழுபத்துநாலு என்றான். டாக்டர் என் பேப்பரில் ஒரு கோடு இழுத்தார். அது சிவப்பு மையா பச்சை மையா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். இது நோய் இல்லை, மருந்தும் இல்லை. மற்றவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும், உனக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், பிறவியிலேயே வந்தது, பட்டாளத்துக்கு ஆகாது, மற்றபடி நூறு வயசு இருப்பாய் என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பஸ்ஸில் வரும்போதே சுக்குநூறாகக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், இருபது வயசு ஆம்பளை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தம்பிக்கும் இதே கதைதானாம். தோட்டத்தில் மிளகாய் எடுக்கப் போனால் பழத்தை விட்டுவிட்டுக் காயைப் பறித்துக்கொண்டு வருவாராம். ஊரே அவரைக் குருடன் என்று பட்டம் கட்டிக் கூப்பிட்டதாம். "எங்க வீட்டு வழியில வந்ததுலே இது. வெளிய மூச்சு விடாத. ஒனக்கும் அந்தப் பேரக் கட்டிருவானுங்க. பொறவு எவன் பொண்ணு தருவான்?" என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, என்ன ஆச்சு என்று கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. "அரை இஞ்சு ஒசரம் பத்தலையாம்" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் அப்பா கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஆள் எடுப்புக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னைச் சுவரோடு நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்தவர் அவர். அஞ்சு அடி பதினோரு இஞ்சு. அந்தக் கோடு சுவரிலேயே இருந்தது. அரை இஞ்சு பொய் என்பது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

ஆனால் கேட்கவில்லை. அப்பா எதையும் இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை. நானோ, கேட்டால் சொல்லுவோம், கேட்கட்டும் என்று இருந்தேன். சொல்வதாக இருந்தால் அவனே சொல்லுவான் என்று அவர் இருந்திருப்பார். இப்படியே நாள் போய், மாசம் போய், அப்பா என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். நாலு அடி தள்ளித் தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பேன். "ஒம் மவனுக்கு இன்னும் ரெண்டு இட்டிலி வையி" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லுவார். நான் பட்டாளத்துக்குப் போகாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வீம்பு. அவர் அந்த அறைக்குள் வந்தால் நான் இந்தப் பக்கமாக வெளியே போவேன்.

தெருவில் வேறு மாதிரி வளர்ந்தது. அரை இஞ்சு என்பதை ஒருத்தனும் நம்பவில்லை. என்னைவிட நாலு விரல் கட்டையான அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான், இவனுக்கு என்ன உயரக் குறைச்சல்? "மெடிக்கல்ல போயிட்டான்" என்றார்கள். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. நெஞ்சில் ஓட்டை என்றான் ஒருத்தன். காசம் என்றான் இன்னொருத்தன். வாயால் சொல்ல முடியாத ஒன்றையும் சொன்னார்கள். பின்னால் எனக்கு இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டு வீட்டிலும் முதலில் சரி என்றார்கள், விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டால் ஜாதகம் என்பார்கள். ஜாதகமாவது ஒண்ணாவது!

நாலு வருஷம் போய் வேலை கிடைத்தது ஆலங்குளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில். கல் பொறுக்கி வைக்கிற வேலை. நல்ல கல்லை லாரிக்கு அனுப்ப வேண்டும், ஆகாத கல்லை ஒதுக்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்: "வெள்ளையும் ரோஸும் நல்ல கல்லு. பச்சை ஓடுதா, தூக்கித் தள்ளு." அட கடவுளே! ஊரில் இத்தனை வேலை இருக்க, என் தலையில் இதுதான் எழுதியிருந்ததா?

முதல் வாரமே அரை லாரி பச்சைக் கல்லை ரோஸ் என்று ஏற்றி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டினார். வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். வீட்டுக்குப் போய் அப்பா முகத்தில் இன்னொரு தடவை விழிக்க வேண்டுமே என்றுதான் ஓடவில்லை.

ஆபீஸ் அலமாரியில் அட்டை கிழிந்த கனிமப் புத்தகம் ஒன்று கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் புரட்டினேன். ஒரு கல்லை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பாடம். அதில் முதல் வரியே, நிறத்தை நம்பாதே என்றிருந்தது. ஒரே கனிமம் ஐந்தாறு நிறத்தில் கிடைக்கும், நிறம்தான் அதிகமாக ஏமாற்றும், மற்ற குணங்களைப் பார் என்று. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு காக்கிப் பை தைத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பேனாக்கத்தி, பழைய செப்புக் காசு ஒன்று, கண்ணாடித் துண்டு, ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றின காந்தம், சின்ன அமில பாட்டில், உடைந்த வாஷ்பேசினில் மெருகு இல்லாத ஒரு பீங்கான் சில்லு. இவ்வளவுதான் என் கண்கள். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல் சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். அதனுடைய பங்காளி ஒன்று இருக்கிறது, பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால்தான் நுரைக்கும். பச்சை ஓடுகிற கல் நுரைக்கவே நுரைக்காது. கத்தியாலும் அதைக் கீற முடியாது. கல்தான் கத்தியைத் தேய்க்கும், கல் மேல் இரும்புக் கோடு விழும். அப்புறம் எனக்கு எதற்குப் பச்சை?

ஆறு மாசத்தில் பை இல்லாமலே பாதி தெரிந்தது. நகம் பட்டாலே கீறல் விழுந்தால் ஜிப்சம். தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கினால் மாக்கல். ஏடு ஏடாக உரிந்தால் காக்காப்பொன், அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். வெள்ளையாக இருந்துகொண்டு கையில் வைத்தால் கல்லுக்கு மிஞ்சின கனம் கனத்தால் பேரைட். உடைத்தால் சாய்ந்த தீப்பெட்டி மாதிரி வழவழவென்று பிளந்தால் கால்சைட். எப்படி உடைத்தாலும் பாட்டில் அடி மாதிரி வளைந்து வளைந்து தெறித்தால் வெங்கச்சங்கல். வாயால் ஊதினால் புதுமழை பெய்த வாடை வருவது களிமண், நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள் சிரிப்பார்கள், "இந்தாளு கல்லைத் தின்னே வயித்தை நெறப்பிருவாரு" என்று. பீங்கான் சில்லில் கல்லைத் தேய்த்தால் பொடி கோடாக விழும், அந்தக் கோட்டின் நிறத்தை மட்டும் நம்பலாம் என்று புத்தகம் சொன்னது. அதிலும் செந்நிறக் கோடு, கறுப்புக் கோடு என்று வந்தால் எனக்குத் தடுமாற்றம்தான். அதற்குத்தான் காந்தம், கறுப்புக் கோட்டுக் கல் அதில் ஒட்டும்.

இரண்டு மூன்று வருஷத்தில் சுற்று வட்டாரத்தில் ஒரு பேர் வந்துவிட்டது. கிணறு வெட்டுகிறவர்கள் மினுக்குகிற கல் எதையாவது பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள், தங்கமா என்று கேட்டு. இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு வருத்தமாகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து குவாரி ஆபீசுக்குக் கடிதம் வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ வாங்கி வைத்த கனிமப் பெட்டி ஒன்று லேபில் இருக்கிறது, பேர் எழுதின சீட்டையெல்லாம் கரையான் தின்றுவிட்டது, இன்ஸ்பெக்ஷன் வருகிறது, விவரம் தெரிந்த ஆளை அனுப்ப முடியுமா என்று. என்னை அனுப்பினார்கள்.

சனிக்கிழமை. லேபில் ஒரு ஆயாம்மா கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், காவலுக்கு. சயின்ஸ் டீச்சர் வந்தாள். என் வயசுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு மரப்பெட்டியைத் திறந்து வைத்தாள். குழி குழியாக நாற்பது கல். பழைய பட்டியல் ஒன்றும் மேஜை டிராயரில் கிடைத்தது. எந்தக் கல் எந்தப் பேர் என்றுதான் தெரியாது.

நான் பையை விரித்தேன். கல்லை எடுக்க எடுக்கப் பேர் சொன்னேன், அவள் சீட்டு எழுதினாள். நன்றாகக் கோடு போட்டு வைத்திருந்தாள்: பேர், கடினம், கோடு, பளபளப்பு, உடையும் விதம், நிறம். பத்துக் கல்லுக்குச் சீட்டு எழுதி முடித்தாள். பிறகு, "சார், நீங்க பாதிக் கல்லைப் பாக்கவே மாட்டேங்கியளே. கையில எடுத்ததுமே சொல்லிருதியளே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே நாலு கல் சொல்லிக் காட்டினேன். இந்துப்பை நக்கிப் பார்த்துச் சொன்னேன். ஆயாம்மா "ச்சீ" என்றாள். டீச்சர் சிரித்துவிட்டு, தானும் ஓரத்தில் நாக்கை வைத்துப் பார்த்தாள். "ஆமா, உப்புதான்" என்றாள். அந்த இடத்தில்தான் என் மனசு போனது. மறைக்க என்ன இருக்கிறது?

"நிறம் மட்டும் எல்லாத்துலயும் விட்டுட்டியளே சார்" என்றாள் அப்புறம்.

"நிறத்தை நம்பக் கூடாது டீச்சர்."

"நம்ப வேண்டாம். எழுதவாவது செய்யலாம்லா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான். "அதான் கண்ணு இருக்குல்லா, நீங்களே பாத்து எழுதிக்கிடுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் இரண்டு கல் மிச்சம். பட்டியலிலும் இரண்டு பேர்தான் மிச்சம். ஃபெல்ட்ஸ்பார் ரோஸ், ஃபெல்ட்ஸ்பார் பச்சை. வசமாக மாட்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே கனிமம். ஒரே கடினம், ஒரே கனம், ஒரே மாதிரி மூலைமட்டமாகப் பிளக்கும், ஒரே வெள்ளைக் கோடு. காந்தத்துக்கும் வேலை இல்லை, அமிலத்துக்கும் வேலை இல்லை. நிறம் ஒன்றுதான் வித்தியாசம். எனக்கு இரண்டும் சாம்பல் பூத்த மாதிரித் தெரிந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடியில் கீறிப் பார்த்தேன், கீறல் விழுந்தது, இரண்டுக்கும்தான் விழும். மோந்து பார்த்தேன். இனிமேல் நிற்க முடியாது என்று ஏதோ ஒன்றை எடுத்துப் பச்சை என்ற குழியில் வைத்தேன்.

டீச்சர் அந்தக் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிப் பீங்கான் சில்லைத் துடைத்தேன். திரும்பிப் பார்க்கும்போது கல் இரண்டும் இடம் மாறியிருந்தன. அவள் ஒன்றுமே நடக்காதது போல் சீட்டில் பசை தடவிக்கொண்டிருந்தாள். "காப்பி குடிச்சிட்டுப் போங்க சார், செத்த நேரம் ஆகும்" என்றாள். ஒரு வார்த்தை அதைப் பற்றி இல்லை. எனக்கு அவமானமா நிம்மதியா என்று தெரியாமல் காப்பியைச் சூடாகவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், கட்டினால் அந்த டீச்சரைத்தான் கட்டுவேன், இல்லையென்றால் இனிமேல் எனக்குப் பெண் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா விசாரித்தாள். நம்ம வகைதான், பேசலாம் என்றார்கள். ஒரு மாசத்தில் பெண் பார்க்க வரும்படி பெண் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. முதல் இரண்டு இடமும் போன மாதிரி இதுவும் போனால் என்ன செய்வது? போகிற வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்: "கேட்டா அரை இஞ்சுதான். வேற வாயத் தொறக்காத." அப்பா இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவளுடைய அப்பா ரிட்டயர்ட் போலீஸ் ஏட்டு. மீசையும் தோளும் பார்த்தால் இப்போதும் டூட்டிக்குப் போவார் போல இருந்தது. மரியாதையாக அழைத்து உட்கார வைத்தார். அவள் வந்து வணக்கம் சொல்லி, காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏட்டு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் அப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. தம்பி மெடிக்கல்ல போயிட்டாருன்னு பேசிக்கிடுதாவ. பொண்ணைக் குடுக்கவன், கேட்டுத்தான ஆகணும்?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே. அரை இஞ்சு ஒசரம் பத்தல. அம்புட்டுதான்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். அவர் உள்ளே போய் இரும்பு டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆள் எடுப்புல டேப் புடிச்சே தேஞ்ச கை இது" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கதவு நிலையோடு நிறுத்திவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை நிறுத்தி அளந்தது அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். டேப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "அஞ்சு அடி பதினோரு இஞ்சு. தங்கச்சி, இந்த ஒசரத்தைப் பாத்தா பட்டாளத்துக்காரன் கொத்திக்கிட்டுல்லா போவான்? அரை இஞ்சு பத்தலைன்னு எந்த ஊர்ல சொன்னான்?"

அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பொய் மேல் பொய் சொல்ல வராது, அந்த ஒரு பொய்க்கே ஏழு வருஷம் வெந்து கொண்டிருந்தவள். அப்பா எழுந்து நின்றார், கிளம்புவோம் என்கிற மாதிரி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. ஆனால் "அது வந்து சார்..." என்பதற்கு மேல் வரவில்லை.

"அப்பா, அவிய அம்மா சொல்லுதது பொய்தான்" என்று குரல் கேட்டது. அவள் உள்கதவு அருகில் வந்து நின்றாள். "அவியளுக்குச் செவப்பும் பச்சையும் ஒரே மாதிரித் தெரியும். வேற ஒரு கோளாறும் இல்ல. பட்டாளத்துல அதப் பாத்துத்தான் வேண்டாம்னுருப்பான். எனக்கு அன்னைக்கு லேப்லயே தெரியும்."

அம்மா அழுதே விட்டாள். "எங்க வீட்டு வழிம்மா அது, எம் புள்ள மேல தப்பில்ல" என்றாள். நான் அப்படியே கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

ஏட்டு டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு கையைத் தூக்கி, "தம்பி, இது எத்தனை வெரல்?" என்றார்.

"மூணு சார்."

"அந்தா காலண்டர்ல என்ன தேதி?"

சொன்னேன். "அப்பா, கண்ணெல்லாம் நல்லாத் தெரியும்ப்பா" என்று அவள் சலித்துக்கொண்டாள். "கோளாறு ரெண்டே நிறத்துலதான். சொன்னா வெளங்க மாட்டேங்கியளே."

"சரி, ஒனக்குச் சம்மதமா? அதச் சொல்லு. நாளப்பின்ன வந்து என்னைக் கொற சொல்லக் கூடாது."

"சேலை எடுக்கப் போகும்போது நானும் கூடப் போயிக்கிடுதேன். வேற என்ன கஷ்டம் வரப் போவுது?" என்றாள்.

ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா மட்டும் நின்றவர் நின்றபடியே இருந்தார். யாரோ உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பூ வைக்கிற நாள் குறித்தார்கள். கிளம்பும்வரை அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. போச்சு, இத்தனை நாள் மறைத்ததற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

பஸ்ஸில் அம்மா முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஜன்னலோரம். அப்பா நடுவில் ஒரு காலி சீட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் ஊரைத் தாண்டி வயல் வந்தது.

"ஏலே" என்றார்.

ஏழு வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் ஏலே.

"அம்புட்டுதானாலே?"

"அம்புட்டுதான்ப்பா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. நூறு வயசு இருப்பன்னு அந்த டாக்டரே சொன்னாரு."

அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ பொழைக்க மாட்டன்னு நெனச்சிட்டேன்லே" என்றார். "டாக்டர் என்னமோ சொல்லி அனுப்பிட்டான், ஆத்தாளும் மவனுமா எங்கிட்ட மறைக்கியன்னு. அரை இஞ்சு பொய்யின்னு எனக்குத் தெரியாதா? வேற என்னத்த நெனைப்பேன்? ஒம் மொகத்தப் பாத்துப் பேசுனா ஒடைஞ்சு போயிருவேன்லே. நீ இருமுனா எந்திரிச்சு உக்காந்துருவேன்."

ஏழு வருஷம் அது கோபம் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனே! "கேட்டுருக்கலாம்லாப்பா" என்றேன். "நீ சொல்லிருக்கலாம்லாலே" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அம்மா முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் அவர் விடவில்லை. அந்த வயல் உனக்கு எப்படித் தெரிகிறது? அந்தக் கட்சிக் கொடி? கண்டக்டர் சட்டை? ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அது என்ன நிறம் என்று எனக்குச் சொன்னார். டீச்சர் கட்டியிருந்தது நல்ல அரக்குச் சிவப்பு என்றார். செத்த நேரம் யோசித்துவிட்டு, "என் யூனிஃபார்ம்?" என்றார்.

"காஞ்ச எலை மாதிரிப்பா."

"பச்சைலே அது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "லீவுல வந்து ரயில விட்டு எறங்குவேன். அம்புட்டுச் சனத்துல ஒங்கண்ணன் பச்சைச் சட்டையத் தேடிக்கிட்டு நிப்பான். அவனுக்கு முன்னால நீதான் ஓடி வந்து காலக் கட்டிக்கிடுவ. நாலு வயசு. எதப் பாத்துலே வந்த?"

"ஒங்க நடையப்பா" என்றேன். "பெட்டியக் கீழ வச்சிட்டு இடது தோள ஒரு தடவ தூக்குவீங்கல்லா, அது. பொறவு கிட்ட வந்தா ஒங்க வேர்வை வாடை."

அப்பா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ராஜபாளையம் வந்து, பஸ் நின்று, எல்லோரும் இறங்கி முடிகிறவரை விடவில்லை.